கலத்தின் சீனிப் போர்வை: புற்றுநோய் பரவும் வழியில் என்ன மாறுகிறது

மைசூர்ப் பருப்பு, போஞ்சி விதை, கச்சான் (நிலக்கடலை), பலாக்கொட்டை. நான்கும் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனால் ஒரே பையில் வாங்கி வரக்கூடியவை. இந்த நான்கு விதைகளிலும் லெக்டின் என்ற வகைப் புரதங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட வடிவில் அமைந்த சீனித் தொடரைக் கண்டால் அதைப் பற்றிக்கொள்வதுதான் லெக்டினின் குணம். ஒரு கலம் (செல்) நல்ல நிலையில் இருக்கும்போது அதன் மேற்பரப்பில் இருக்கும் சீனி வேறு. அது புற்றுக்கலமாக மாறி இடம்விட்டு இடம் போகத் தயாராகும்போது இருக்கும் சீனி வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் பயன்படுத்துவது இந்த விதைகளிலிருந்து பிரித்தெடுத்த லெக்டின்களைத்தான்.

இங்கே சீனி என்பது தேநீருக்குப் போடும் சீனி அல்ல. மனிதக் கலம் சுமார் பத்து வகை எளிய சீனிகளைக் கோத்துத் தன் மேற்பரப்புப் புரதங்களின் மீது கிளை கிளையாக நிறுத்தி வைத்திருக்கிறது. குளுக்கோசு, கலக்டோசு, மனோசு, பியூக்கோசு, அசெற்றைல் குளுக்கோசமீன், அசெற்றைல் கலக்டோசமீன் (இவ்விரண்டையும் இனிச் சுருக்கமாகக் குளுக்கோசமீன், கலக்டோசமீன் என்போம்), நுனியில் தொப்பி போல வரும் சியாலிக் அமிலம் ஆகியவை முக்கியமானவை. புரதத்தின் மேல் இப்படிச் சீனி ஏற்றுவதற்குக் கிளைக்கோசைலேற்றம் என்று பெயர். கலத்தைத் தொடுகிற எதுவும், பக்கத்துக் கலமோ வெண்குழியமோ இரத்தக் குழாயின் சுவரோ, முதலில் தொடுவது இந்தப் போர்வையைத்தான். பரவுதல் என்பது ஒரு கலம் ஓரிடத்தில் பிடி விட்டு இன்னோரிடத்தில் பிடி போடுவது. ஆகவே போர்வை மாறினால் பிடியும் மாறும்.

இந்தப் போர்வை கட்டப்படும் முறையைக் கொஞ்சம் பார்க்காமல் பிழை எங்கே நேர்கிறது என்பது விளங்காது. ஒரு வழியில், அஸ்பராஜீன் என்ற அமினோ அமிலத்தின் மேல் சீனி ஏறும். அதற்கும் ஒரு விதி உண்டு: அஸ்பராஜீனுக்கு அடுத்தது புரோலீன் தவிர்ந்த ஏதாவதாகவும், அதற்கடுத்தது செரீன் அல்லது திரியோனீனாகவும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் 14 சீனிகள் கொண்ட ஆயத்தத் தொகுதி ஒன்று ஒரே தடவையில் ஏற்றப்படுகிறது: 2 குளுக்கோசமீன், 9 மனோசு, 3 குளுக்கோசு. பிறகு, புரதங்களைத் திருத்தி அனுப்பும் கொல்கி என்ற கல உறுப்பின் அடுக்குகளைக் கடக்கும்போது சில சீனிகள் வெட்டப்பட்டு, புதியவை சேர்க்கப்பட்டு, இரண்டு, மூன்று, நான்கு கிளைகளாக விரியும். மற்ற வழியில் செரீன் அல்லது திரியோனீன் மேல் ஒரே ஒரு கலக்டோசமீன் முதலில் வைக்கப்பட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாகத் தொடர் வளரும். சளிப்புரதங்களான மியூசின்களில் இந்த இரண்டாவது வகைதான் அடர்த்தியாக இருக்கும்.

புரதத்துக்கு மரபணுவில் அச்சு இருக்கிறது. சீனித் தொடருக்கு அப்படி அச்சு எதுவும் இல்லை. எந்த நொதியம் எவ்வளவு இருக்கிறது, எந்தச் சீனி எவ்வளவு கைவசம் இருக்கிறது, புரதம் கொல்கியை எவ்வளவு வேகமாகக் கடக்கிறது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இறுதி வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே புரதம் கல்லீரலிலும் கட்டியிலும் வெவ்வேறு போர்வையோடு வருவதற்குக் காரணம் இதுதான்.

போஞ்சி விதையில் தொடங்குவோம். அதிலிருந்து எடுக்கும் லெக்டின், நான்காவது பக்கம் விரியும் ஒரு குறிப்பிட்ட கிளையைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கிளையை நாட்டுவது எம்ஜிஏடி5 என்ற நொதியம். புற்றுமாற்றம் அடைந்த கலங்களின் மேற்பரப்புச் சீனித் தொடர்கள் வழமையைவிடப் பெரிதாகின்றன என்பது 1969 அளவிலேயே தெரிந்திருந்தது. அந்தக் கிளைக்கும் பரவும் திறனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதை 1987இல் ஜேம்ஸ் டெனிஸ் குழுவினர் காட்டினார்கள். இந்த நொதியம் இல்லாத எலிகளில் மார்பகக் கட்டிகள் மெதுவாக வளர்ந்ததோடு பரவலும் குறைந்ததை 2000இல் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்தது.

கிளை கூடினால் ஏன் பரவவேண்டும்? இரண்டு காரணங்கள் நன்றாக விளங்கியவை. கலங்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் ஈ-காதெரின் என்ற புரதத்தில் இந்தக் கிளை ஏறினால் தையல் தளர்ந்துவிடுகிறது. அடுத்தது, வளர்ச்சிச் சமிக்ஞையைப் பெறும் ஏற்பிகளின் மேல் கிளைகள் கூடும்போது கலெக்டின்-3 என்ற நம் சொந்த உடலின் லெக்டின் அவற்றை வலைபோலப் பின்னிவிடுகிறது. வலையில் மாட்டிய ஏற்பி கலத்துக்குள் இழுக்கப்படாமல் மேற்பரப்பிலேயே நீண்ட நேரம் நின்று சமிக்ஞை வாங்கிக்கொண்டிருக்கும். இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் நொதியமும் உண்டு. எம்ஜிஏடி3 தன்னுடைய குளுக்கோசமீனைத் தொடரின் நடுவில் வைத்துவிட்டால் எம்ஜிஏடி5ஆல் அந்தத் தொடரில் வேலை செய்யவே முடியாது. நவோயுகி தனிகுச்சியின் ஆய்வுக்குழு 1995இல் எலியின் மெலனோமா என்ற தோல் புற்றுக் கலங்களுக்குள் இந்த நடுவில் வைக்கும் நொதியத்தின் மரபணுவைச் செலுத்தியபோது நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. யார் முதலில் அந்தத் தொடரைத் தொடுகிறார் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

கச்சானும் பலாக்கொட்டையும் காட்டுவது வேறொரு பிழை. அங்கே சீனி கூடுவதில்லை, தொடர் பாதியில் நின்றுபோகிறது. மியூசின்களில் கலக்டோசமீனுக்கு மேல் ஒரு கலக்டோசு ஏறினால் கிடைப்பது டி-அன்டிஜன். நல்ல கலத்தில் இது வெளியே தெரியாது. மேலும் சீனிகள் ஏறி மூடிவிடும். புற்றுக்கலத்தில் மூடல் நடக்காமல் டி-அன்டிஜன் திறந்தபடியே நிற்கும். கச்சான் லெக்டின் அதைத்தான் தேடிப் பிடிக்கும். பலாக்கொட்டையின் லெக்டினுக்கு ஜக்கலின் என்று பெயர். பலாவைப் போர்த்துக்கேயர் ஜாக்கா என்று அழைத்த சொல்லிலிருந்து வந்தது அது. ஜக்கலினும் டி-அன்டிஜனைப் பற்றும், ஆனால் அதன்மேல் சியாலிக் அமிலத் தொப்பி இருந்தாலும் பெரும்பாலும் விடாது. ஆகவே ஒரே திசுவில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் தொப்பி போட்ட டி எவ்வளவு, வெறும் டி எவ்வளவு என்று பிரித்தறியலாம்.

இன்னும் ஒரு படி முன்னாலேயே தொடர் நின்றுவிடுவதும் உண்டு. கலக்டோசை ஏற்றும் நொதியம் சரியாக மடிந்து உருவாக கொஸ்மிக் என்ற துணைப்புரதம் வேண்டும். அதற்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். பெண்ணுக்கு இரண்டிருந்தாலும் ஒரு கலத்தில் ஒன்றுதான் இயங்கும். ஆகவே ஒரே ஒரு பிழை, அல்லது மெதைலேற்றத்தால் அந்த மரபணு மூடப்படுவது, போதும். கலக்டோசு ஏறுவது அந்தக் கலத்தில் அடியோடு நின்றுவிடும். மிஞ்சுவது தனிக் கலக்டோசமீன், அதாவது டிஎன்-அன்டிஜன். அதன்மேல் சியாலிக் அமிலம் ஏறினால் சியாலைல்-டிஎன்.

டி-அன்டிஜன் வெளியே தெரிவதால் வரும் கேடு இரத்தத்தில்தான் நடக்கிறது. கலத்தின் மேல் நீண்டு நிற்கும் மியூக்-1 என்ற மியூசின் சாதாரணமாக வேலிபோல மற்றவற்றைத் தள்ளியே வைத்திருக்கும். இரத்தத்தில் ஓடும் கலெக்டின்-3 திறந்திருக்கும் டி-அன்டிஜனைப் பற்றியதும் மியூக்-1கள் ஓரிடத்தில் குவிகின்றன. வேலி ஒதுங்கிய இடைவெளியில் அதுவரை மறைந்திருந்த ஒட்டுப்புரதங்கள் வெளியே வந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன.

இனி இரத்தத்துக்குள் போன கலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் சீனிப் போர்வை தீர்ப்பெழுதும் இடம் இதுதான். கட்டியிலிருந்து இரத்தத்தில் இறங்கும் கலங்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. எலிகளில் செய்த பழைய சோதனைகளில், செலுத்திய கலங்களில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவானதே இன்னோரிடத்தில் கட்டியாக நிலைத்தது. ஓட்டத்தின் விசை கலத்தைக் கிழிக்கும்; உடலின் காவலர்களான இயற்கைக் கொல்லிக் கலங்கள் தாக்கும். தப்பினாலும், ஓடும் இரத்தத்தில் சுவரோடு நிற்பது எளிதல்ல. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியில் முழுதாக நிற்காத பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரைப் பாருங்கள். சில அடி கூடவே ஓடி வேகத்தைத் தணித்த பிறகுதான் அவரால் நிற்கமுடியும். நேரே காலை ஊன்றினால் விழுவார். கலத்துக்கும் அப்படித்தான். முதலில் உருளவேண்டும், பிறகுதான் ஒட்டமுடியும்.

உருள வைப்பது செலெக்டின்கள் என்ற புரதங்கள். குழாயின் உட்சுவரான அகவணியில் ஈ-செலெக்டினும் பி-செலெக்டினும் வரும். குருதிச் சிறுதட்டுகளில் பி-செலெக்டின் இருக்கும். பி-செலெக்டின் கலத்துக்குள் சிறு பைகளில் ஆயத்தமாக இருப்பதால் நிமிடக்கணக்கில் மேலே வந்துவிடும். ஈ-செலெக்டின் புதிதாகத் தயாரிக்கப்பட வேண்டியது. அழற்சிச் சமிக்ஞை வந்து சுமார் 4 முதல் 6 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். இவை பற்றுவது ஒரு நான்கு சீனித் தொகுதியை: குளுக்கோசமீன், கலக்டோசு, பியூக்கோசு, நுனியில் சியாலிக் அமிலம். இணைப்பின் திசையைப் பொறுத்து அதற்குச் சியாலைல் லூயிஸ் எக்ஸ் அல்லது சியாலைல் லூயிஸ் ஏ என்று பெயர். ஒவ்வொரு பற்றும் நொடியின் சிறு பகுதிதான் நீடிக்கும். ஒன்று விடும்போது அடுத்தது பிடிக்க, கலம் உருண்டு உருண்டு வேகம் குறையும்.

இது உண்மையில் வெண்குழியங்களுக்கான ஏற்பாடு. காயமுள்ள இடத்தில் அவை இறங்குவது இப்படித்தான். பியூக்கோசைப் பயன்படுத்தமுடியாத ஓர் அரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. அந்தக் குழந்தைகளின் வெண்குழியங்களில் சியாலைல் லூயிஸ் எக்ஸ் இல்லை. இரத்தத்தில் வெண்குழியங்கள் குவிந்து கிடக்கும், ஆனால் சுவரில் உருள முடியாமல் தொற்றுள்ள இடத்துக்கு ஒன்றும் வந்துசேராது. 1992இல் விவரிக்கப்பட்ட அந்த நோய்தான் இந்தச் சிறு சீனித் தொகுதிக்கு எவ்வளவு பலம் என்பதைக் காட்டியது. புற்றுக்கலம் அதே தொகுதியைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளும்போது, வெண்குழியத்துக்குத் திறக்கும் கதவு அதற்கும் திறக்கிறது.

புற்றுக்கலத்தில் இது ஏன் மிகுகிறது என்பதற்கு ஜப்பானிய ஆய்வாளர் ரெய்ஜி கன்னகி தந்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. நல்ல பெருங்குடல் கலத்தில் இருப்பது இன்னும் சிக்கலான வடிவம்: இரண்டு சியாலிக் அமிலம் கொண்டதோ சல்பேற்று ஏறியதோ. அந்தக் கூடுதல் வேலையைச் செய்யும் நொதியங்களின் மரபணுக்கள் கட்டியின் தொடக்கத்திலேயே மூடப்படுகின்றன. எனவே வேலை முடியாத எளிய வடிவம் குவிகிறது. பிறகு கட்டி வளர்ந்து நடுப்பகுதிக்கு ஒட்சிசன் குறையும்போது, குளுக்கோசை உள்ளே கொண்டுவரும் மரபணுக்களோடு சீனி ஏற்றும் சில மரபணுக்களும் சேர்ந்தே முடுக்கப்பட்டு இந்தத் தொகுதி இன்னும் பெருகுகிறது. மூச்சு முட்டும் கட்டியே பரவவும் தயாராகிறது.

சியாலிக் அமிலம் தரும் இன்னொரு பாதுகாப்பையும் சொல்லவேண்டும். இயற்கைக் கொல்லிக் கலங்களிலும், வேண்டாதவற்றை விழுங்கும் மக்ரோபேஜ்களிலும் சிக்லெக் என்ற ஏற்பிகள் உண்டு. சியாலிக் அமிலத்தைத் தொட்டால் அவை ‘இது நம் கலம்’ என்று எடுத்துக்கொண்டு தாக்குதலைத் தணிக்கும். புற்றுக்கலம் தொப்பியை அடர்த்தியாகப் போட்டுக்கொள்வதன் பயன் அதற்கு இங்கே கிடைக்கிறது.

மைசூர்ப் பருப்பு மட்டும் நேராக வைத்தியசாலைப் பரிசோதனைக்கே வந்துவிட்டது. கல்லீரல் புற்றுநோயில் ஏஎஃப்பி என்ற புரதம் இரத்தத்தில் கூடும். ஆனால் ஈரல் அழற்சியிலும் சிரோசிசிலும்கூடச் சற்றுக் கூடும் என்பதால் குழப்பம். அந்தப் புரதத்தில் ஒரே ஒரு சீனித் தொடர்தான் உண்டு. புற்றுநோயில் அத்தொடரின் அடியில் ஒரு பியூக்கோசு ஒட்டியிருக்கும். அந்தப் பியூக்கோசோடு சேர்ந்த அடித்தொடரைப் பருப்பின் லெக்டின் பற்றிக்கொள்ளும். பற்றப்படும் பங்குக்கு எல்3 என்று பெயர். மொத்த ஏஎஃப்பியில் அது 10 சதவீதத்துக்கு மேல் போனால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கிறது. பியூக்கோசு ஏறிய புரதங்களை நல்ல கல்லீரல் கலம் பித்தத்தின் பக்கமாக அனுப்பிவிடும். புற்றில் கலத்தின் மேல்-கீழ் ஒழுங்கு குலைவதால் அவை இரத்தத்தில் கசிகின்றன. இதே பியூக்கோசை ஏற்றும் எஃப்யூடி8 நொதியம் மெலனோமாவில் பரவலைத் தூண்டுவதாக 2017இல் காட்டப்பட்டது.

இவற்றைத் திசுவில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் இதைச் செய்யத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஃபார்மலினில் வைத்துப் பரபினில் பதித்த திசுவை 4 அல்லது 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் வெட்டி, பரபினை நீக்கி, திசுவின் சொந்தப் பெரொக்சிடேசை ஐதரசன் பெரொக்சைட்டால் அடக்குவது வரை பிறபொருளெதிரிச் சாயமிடலைப் போலத்தான். அடுத்த படியில் வழக்கம்போல் சீரத்தையோ பால்மாவையோ ஊற்றிப் பின்னணியை அடைத்தால் வேலை கெட்டது. சீரத்தின் புரதங்களும் பாலின் புரதங்களும் தாமே சீனி சுமந்தவை. லெக்டின் திசுவை விட்டு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். சீனியற்ற தடுப்புக் கரைசல்தான் வேண்டும். அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் தாங்கல் கரைசலிலும் கவனம் தேவை. பருப்பு, போஞ்சி, கச்சான் லெக்டின்கள் வேலை செய்யக் கல்சியமும் மங்கனீசும் தேவை. பொஸ்பேற்றுத் தாங்கலில் கல்சியம் வீழ்படிவாகிவிடும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ இருந்தால் பறிபோய்விடும். ஆகவே டிரிஸ் தாங்கலில் இரண்டு உப்புகளையும் சிறிதளவு சேர்ப்பது நல்லது. ஜக்கலினுக்கு மட்டும் உலோகம் தேவையில்லை.

பயோட்டின் கட்டிய லெக்டினை மில்லிலீற்றருக்கு 5 முதல் 20 மைக்ரோகிராம் அளவில் முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடலாம். நிறம் தரும் நொதியம் அவிடின் வழியாகப் பயோட்டினில்தான் ஒட்டும். ஆனால் ஈரலும் சிறுநீரகமும் தமக்கென்றே பயோட்டின் வைத்திருப்பவை. அவிடின்-பயோட்டின் அடைப்புப் போடாவிட்டால் எல்லாம் பழுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து மகிழக்கூடாது. கட்டுப்பாட்டுத் துண்டு இல்லாத படத்தை நம்பவும் கூடாது. கச்சான் லெக்டினோடு 0.2 மோலர் கலக்டோசு கலந்து இன்னொரு துண்டில் போடவேண்டும். நிறம் மறைந்தால்தான் முதல் துண்டில் பற்றியது சீனியை என்று சொல்லலாம். போஞ்சி லெக்டினை எளிய சீனி எதுவும் சரியாகத் தடுக்காது. தைரோகுளோபுலின் போன்ற கிளைச்சீனி நிறைந்த புரதம் வேண்டும். மூன்றாவது துண்டைச் சியாலிக் அமிலத்தை வெட்டும் சியாலிடேசு நொதியத்தில் 37 பாகையில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கச்சான் லெக்டின் போடுங்கள். முன்னர் வெளிறியிருந்த இடம் இப்போது நிறம் பிடித்தால், அங்கே டி-அன்டிஜன் தொப்பியோடு மறைந்திருந்தது என்று பொருள்.

பருப்புக் கறியும் பலாக்கொட்டைக் கறியும் சாப்பிட்டால் இந்த லெக்டின்கள் கட்டியைத் தேடிப்போய்ப் பிடிக்குமா என்ற கேள்வி இயல்பாக வரும். பிடிக்காது. நன்றாக வேகவைக்கும்போது அவற்றில் பெரும்பகுதி குலைந்துவிடும். சரியாக வேகாத சிவப்புப் போஞ்சிக் கொட்டை வயிற்றைப் புரட்டி வாந்தியெடுக்க வைப்பதும் அந்த லெக்டினால்தான். அது நஞ்சு, மருந்தல்ல. இன்னொரு பக்கம், புற்றுக்கலத்தின் போர்வை சீனியால் ஆனது என்று கேட்டவுடன் நோயாளிக்குச் சோறு, பழம், தேநீர்ச் சீனி எல்லாவற்றையும் நிறுத்துகிற வீடுகள் கொழும்பில் குறைவல்ல. கலத்துக்குத் தேவையான குளுக்கோசமீன் கலத்துக்குள்ளேயே குளுக்கோசிலிருந்தும் குளுட்டமீனிலிருந்தும் தயாராகிறது. இரத்தத்தில் குளுக்கோசு குறையாதபடி உடல் காத்துக்கொள்ளும். உணவில் நிறுத்தினால் தசையைக் கரைத்தாவது தயாரிக்கும். நீரிழிவு இருந்தால் அதைக் கட்டுப்படுத்தவேண்டும், அது வேறு கதை. கீமோ எடுக்கும் ஒருவரின் எடை இறங்குவதுதான் நேரடி ஆபத்து.

போர்வையைக் குறிவைக்கும் சிகிச்சைகள் இன்னும் முழுவெற்றி காணவில்லை. சியாலைல்-டிஎன்னுக்கு எதிரான தெராடோப் என்ற தடுப்பூசி, பரவிய மார்பகப் புற்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதிக்கப்பட்டது. பிறபொருளெதிரி உருவானது, ஆயுள் கூடவில்லை. ஈ-செலெக்டினை அடைக்கும் உப்ரொலெசலான் இரத்தப் புற்றில் மூன்றாம் கட்டச் சோதனையில் 2024இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து எலிகளில் பி-செலெக்டினை மறித்துப் பரவலைக் குறைத்தது. மனிதரில் அதே உறுதியான பலன் கிடைக்கவில்லை. கட்டியின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தை வெட்டிவிடும் நொதியங்கள் ஆரம்பச் சோதனைகள் வரை வந்திருக்கின்றன. கலத்தின் சீனியை உயிருள்ள நிலையிலேயே அடையாளமிடும் இரசாயனத்துக்காக 2022இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கரோலின் பெர்டோஸியின் வேலையிலிருந்து கிளைத்த வழி இது. சிக்கல் என்னவென்றால், இதே சீனிகள் வெண்குழியத்திலும் நல்ல திசுவிலும் இருக்கின்றன. கட்டியில் மட்டும் கைவைப்பது கடினம்.

ஆனால் இந்தப் போர்வையின் ஒரு துண்டு இன்றே கொழும்பு நோயாளிகளின் கையில் இருக்கிறது: கணையப் புற்றில் பார்க்கும் சிஏ 19-9 என்ற இரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட். மேலே சொன்ன சியாலைல் லூயிஸ் ஏ என்ற நான்கு சீனித் தொகுதியைத்தான் அது அளக்கிறது. 1979இல் ஹிலரி கொப்ரோவ்ஸ்கி குழுவினர் பெருங்குடல் புற்றுக்கலத்துக்கு எதிராக உருவாக்கிய பிறபொருளெதிரியின் இலக்கத்திலிருந்து வந்த பெயர் அது. அது வெறும் அடையாளம் மட்டுமா, நோயில் அதற்கே பங்குண்டா என்ற கேள்விக்கு 2019இல் ஒரு பதில் கிடைத்தது. எலிகளால் இந்தத் தொகுதியைத் தயாரிக்க முடியாது. தேவையான மனித நொதியங்களைக் கொடுத்து எலிக் கணையத்தில் அதைத் தயாரிக்க வைத்தபோது கணைய அழற்சி வந்தது. ஏற்கெனவே புற்று மரபணுப் பிழை இருந்த எலிகளில் புற்றுநோயும் விரைந்தது.

வழமையான மேல் எல்லை மில்லிலீற்றருக்கு 37 அலகு. இந்த இலக்கத்தை எப்படி வாசிக்கவேண்டும் என்பதில்தான் தவறுகள் நிறைய. நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குப் பியூக்கோசை அந்த இடத்தில் வைக்கும் எஃப்யூடி3 நொதியம் பிறவியிலேயே இல்லை. அவர்கள் லூயிஸ் எதிர் வகையினர். கணையத்தில் பெரிய கட்டி இருந்தாலும் அவர்களுடைய சிஏ 19-9 இரண்டுக்கும் கீழேயே நிற்கலாம். அதை ‘நல்ல ரிப்போர்ட்’ என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. இரத்த வங்கியில் செங்குழியத்தின் லூயிஸ் வகை பார்த்தாலும் நோய்க் காலத்திலும் கர்ப்பத்திலும் செங்குழியத்தில் அந்த அடையாளம் மங்கிவிடலாம், ஏனென்றால் செங்குழியம் அதைத் தானே தயாரிப்பதில்லை, பிளாஸ்மாவிலிருந்து ஒட்டிக்கொள்கிறது.

மறுபுறம், புற்றுநோயே இல்லாமல் இலக்கம் ஏறும் முக்கியக் காரணம் பித்தக்குழாய் அடைப்பு. கல் அடைத்து மஞ்சட்காமாலையும் காய்ச்சலும் வந்தால் ஆயிரக்கணக்கிலும் போகலாம். அடைப்பை எடுத்து, காமாலையைத் தரும் பிலிரூபின் இறங்கியபின் மறுபடி பார்க்காமல் அந்த இலக்கத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது. இன்னொன்று, வெவ்வேறு கம்பனிகளின் இயந்திரங்கள் ஒரே இரத்தத்துக்கு வெவ்வேறு இலக்கம் தரும். கொள்ளுப்பிட்டியில் ஒன்று, தெகிவளையில் ஒன்று என்று எடுத்து, ஏறியிருக்கிறது என்று பதறுவது வீண். சிகிச்சை தொடங்குமுன் எடுத்த இடத்திலேயே தொடர்ந்து எடுக்கவேண்டும். மாற நேர்ந்தால் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் எடுத்து ஒப்பிட்டுவிட்டு மாறுவது நல்லது. தலைமயிருக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கும். சில இயந்திரங்களில் அது இலக்கத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டு, ஆய்வுகூடத்திலும் சொல்லிவிடுங்கள். உமிழ்நீரில் சிஏ 19-9 மிக அதிகம் என்பதால் மாதிரிக்கு மேல் ஒரு துளி தெறித்தாலும் இலக்கம் எகிறும். எதிர்பாராத ஏற்றத்துக்குப் புதிதாக இரத்தமெடுத்து மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு முழு உடல் பரிசோதனைப் பொதியில் இதைச் சேர்த்து விற்பது சரியல்ல. கொரியாவில் நோய்க்குறி இல்லாத 70,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, இலக்கம் ஏறியிருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூடக் கணையப் புற்று இருக்கவில்லை. மற்றவர்களுக்கு மிஞ்சுவது ஸ்கேன் செலவும் உறக்கமின்மையும். இந்தப் பரிசோதனைக்கு உரிய இடம் வேறு: நோய் உறுதியான ஒருவரில் சத்திரசிகிச்சைக்கு முன் ஓர் அடிப்படை இலக்கம், பிறகு கீமோ நடக்கும்போது ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஸ்கேனோடு சேர்த்து. சூலகப் புற்றில் பார்க்கும் சிஏ 125க்கும் இதே நிதானம் வேண்டும். மியூக்-16 என்ற மியூசினை அளக்கும் அது மாதவிடாயிலும் கர்ப்பத்திலும் கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெற்றியோசிசிலும் வயிற்றுக் காசநோயிலும் ஏறும்.

இலங்கையில் ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு அது பரவும்போதும் சீனிப் போர்வை மாறத்தான் செய்கிறது. ஆனால் அதை நம்பிப் பார்க்கக்கூடிய இரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. வெற்றிலை பாக்குப் போடுகிறவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுகுதல், கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் சிஏ 19-9 போன்ற மார்க்கர் பரிசோதனைக்குக் காசு கொடுக்காமல் நாரஹேன்பிட்டியிலுள்ள புற்றுநோய் முன்கண்டறிதல் நிலையத்திலோ அருகிலுள்ள அரச பல் வைத்தியரிடமோ வாயைத் திறந்து காட்டுங்கள். அங்கே எடுக்கும் சிறு சதைத்துண்டுதான் பதில் சொல்லும்.